அனோரெக்சியா சிகிச்சையில் இருக்கும் மகள்: நடக்கவே கூடாது என்றவர்கள் இப்போது பிசியோவிடம் அனுப்புகிறார்கள், ஏன்?

உறையூர்க்காரர் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். குழு விதிப்படி எடை, கலோரி எண் எதுவும் எழுதவில்லை.

என் மகளுக்கு 19 வயது, பி.காம். படிக்கிறாள். போன வருடம் அனோரெக்சியா என்று சொன்னார்கள், எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்து மெலிந்துபோகும் நோய். சாப்பாடு குறைந்ததைவிட அவள் உட்காராமல் போனதுதான் எங்கள் கண்ணில் முதலில் பட்டது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அதற்காக மொட்டை மாடியில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து வைத்திருக்கிறேன், காலையில் எட்டு போட்டு நடப்பேன். நான் மேலே போகும்போது அவள் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பாள். இருட்டு விலகியிருக்காது. பரீட்சைக்குப் புத்தகத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்து நின்றுகொண்டே படிப்பாள். பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வருவாள். சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுவர மாட்டாள். ஒரு துண்டுக்கு ஒரு முறை, கிளிப் டப்பாவுக்கு ஒரு முறை என்று படியேறி இறங்குவாள். வேண்டாம் என்று சொன்னால் அழுகை, ஆத்திரம்.

டாக்டர் பார்த்தபோது நாடித் துடிப்பு ஐம்பதுக்கும் கீழே. உறவில் ஒரு வாலிபால் ஆட்டக்காரர், "விளையாடுகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். ஆனால் உடனே அட்மிட் செய்துவிட்டார்கள். நடக்கக் கூடாது, பாத்ரூமுக்கே சக்கர நாற்காலி. வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதம் அதே கட்டுப்பாடுதான்: ஆறு வேளைச் சாப்பாடு, மாடிக் கதவுக்குப் பூட்டு.

இப்போது பரவாயில்லை. எடை ஏறியிருக்கிறது, நின்றுபோன மாதவிடாயும் ஒரு முறை வந்திருக்கிறது. போன வாரம் மனநல மருத்துவர், பிசியோதெரபிஸ்டிடம் போங்கள், மெதுவாக உடற்பயிற்சி ஆரம்பிக்கலாம் என்றார். அதைக் கேட்டதும் மகள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் மனைவி ஒரேயடியாக மறுக்கிறாள். தீயை அணைத்தவர்களே திரும்பத் தீப்பெட்டியைக் கையில் கொடுப்பார்களா என்கிறாள்.

நான் கேட்பது இரண்டு. விஷம் என்றது இப்போது எப்படி மருந்தாயிற்று? அப்புறம், எனக்கு நட என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அவளுக்கு நடக்காதே என்கிறார்கள். ஒரே வீட்டில் நான் என்ன செய்வது?

பி.டி. வாத்தியார், தேனி

ஐயா, கவலைப்படாதீர்கள். உடற்பயிற்சி செய்தால் நல்லாப் பசிக்கும், பசித்தால் தானே சாப்பிடுவாள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன். காலையில் அரை மணி மெல்லோட்டம், நிறைய முட்டை, நேரத்துக்குத் தூக்கம். மூன்றே மாதத்தில் ஆள் மாறிவிடுவாள். பூட்டி வைத்தால் மனசுதான் கெடும்.

பிசியோ அக்கா

நான் பிசியோதெரபிஸ்ட். சொந்த ஊர் அம்பாசமுத்திரம், வேலை சென்னையில். மனநல மருத்துவர், டயட்டீஷியனோடு ஒரே குழுவாக இந்த நோயாளிகளைப் பார்க்கிறேன். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள் அண்ணா.

பி.டி. சார் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொன்னது நல்ல உடம்புக்குச் சரி. பட்டினி கிடந்த உடம்பில் கணக்கு வேறு. முதலில் அந்தத் துடிப்பு விஷயம். ஓட்டக்காரருக்கு இதயத் தசை வலுத்து, ஒரு துடிப்பிலேயே நிறைய ரத்தம் தள்ளும். அதனால் துடிப்பு குறையும். அனோரெக்சியாவில் உடம்பு செலவைச் சுருக்குவதால் குறைகிறது, இதயத் தசையும் மெலிந்திருக்கும். இரண்டையும் பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். படுக்க வைத்து எண்ண வேண்டும், எழுந்து நிற்க வைத்து மறுபடி எண்ண வேண்டும். ஓட்டக்காரருக்குக் கொஞ்சம்தான் கூடும். இவர்களுக்கு நின்றதுமே கிடுகிடுவென்று ஏறும், வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாலே மூச்சு வாங்கும். வளரிளம் பருவத்தினருக்கான வழிகாட்டிகளில், பகலில் ஐம்பதுக்குக் கீழே துடிப்பு போவது மட்டுமே மருத்துவமனையில் சேர்க்கப் போதுமான காரணம். சாப்பாடு ஆரம்பித்த முதல் நாட்களில் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு திடீரென்று இறங்கும் ஆபத்தும் உண்டு. அதற்காகத்தான் அடிக்கடி ரத்தம் எடுத்திருப்பார்கள். அந்தச் சமயத்தில் சக்கர நாற்காலி என்பது மிகை இல்லை.

அடுத்தது நீங்கள் எழுதிய துணிக் கொடி. இதைப் படிக்கும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன்: அது பிடிவாதமும் இல்லை, திமிரும் இல்லை. 1873-இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் ஷார்ல் லசேக் என்று இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக இந்த நோயை விவரித்தார்கள். இவ்வளவு மெலிந்த பெண் எப்படி ஓயாமல் நடமாடுகிறாள் என்று இருவருமே வியந்தார்கள். 1967-இல் எலிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் தீனி, கூண்டில் ஓடுவதற்கு ஒரு சக்கரம். எலிகள் நாளுக்கு நாள் அதிகமாக ஓடின, தீனி நேரத்தில் குறைவாகத் தின்றன, மெலிந்து சாகிற நிலைக்கே போயின. அதே ஒரு மணி நேரத் தீனி, ஆனால் சக்கரம் இல்லாத எலிகள் சமாளித்துக்கொண்டன. பி.டி. சார், ஓடினால் பசிக்கும் என்பது இங்கே தலைகீழாகப் போவதைப் பாருங்கள். கொழுப்பு கரையும்போது லெப்டின் என்ற ஹார்மோன் விழுகிறது. அதைத் திருப்பிக் கொடுத்தால் எலிகளின் ஓட்டம் அடங்குகிறது. பட்டினியே காலை ஓட வைக்கிறது, ஓட்டம் பட்டினியை ஆழமாக்குகிறது. சாப்பாடு ஏறாமல் இந்தச் சுழலை எந்தப் புத்திமதியாலும் நிறுத்த முடியாது. எடை ஏற ஏற உங்கள் மகள் உட்கார ஆரம்பித்திருப்பாளே, கவனித்தீர்களா?

எலும்பு. நடந்தால், குதித்தால் எலும்பு வலுப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். மாதவிடாய் நின்ற உடம்பில் ஈஸ்ட்ரோஜன் மிகவும் குறைந்திருக்கும், எலும்பைக் கட்டும் மற்ற ஹார்மோன்களும் தாழ்ந்திருக்கும். அப்போது ஸ்கிப்பிங் கயிறு எலும்பைக் கட்டாது, விரிசல் விடத்தான் வழி செய்யும். கால்சியம் மாத்திரை மட்டும் இதைச் சரிக்கட்டாது. எடையும் மாதவிடாயும் திரும்புவதுதான் எலும்புக்கு மருந்து. 19 வயது இன்னும் எலும்பு சேர்க்கும் வயதுதான். அதனால் உங்கள் வீட்டில் மாதவிடாய் வந்தது பெரிய செய்தி. ஆனால் ஒரு முறை போதாது, தொடர்ந்து வர வேண்டும். டெக்ஸா எடுத்தார்களா என்று கேளுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் அது.

சரி, அப்படியானால் இப்போது ஏன்?

முன்பெல்லாம் பல இடங்களில் சிகிச்சை முடியும் வரை முழுத் தடை, முடிந்ததும் வீட்டுக்கு அனுப்புவது என்றுதான் இருந்தது. இதில் ஒரு ஓட்டை. தடை இருக்கும் வரை இரவில் போர்வைக்குள் வயிற்றுப் பயிற்சி செய்வார்கள், குளியலறையில் குதிப்பார்கள். வெளியே வந்ததும் ஓட்டம். ஓடியே ஆக வேண்டும் என்ற அந்தக் கட்டாயத்தோடு மருத்துவமனையை விட்டுப் போகிறவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது பல காலமாகவே தெரிந்த விஷயம். கை காலை அசைப்பது வாழ்நாள் முழுக்க இருக்கப் போகிறது. அதை நோய் இல்லாமல் செய்ய யாராவது கூட இருந்து பழக்க வேண்டும் இல்லையா? கண்காணிப்போடு செய்த பயிற்சி எடை ஏறுவதைக் கெடுக்கவில்லை என்று பல ஆய்வுகள் காட்டின. 2019-இல் ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வந்தது. அபாயத்தை நான்கு படியாகப் பிரித்து, எந்தப் படியில் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. எடையை மட்டும் பார்ப்பதில்லை. ரத்தம், இசிஜி, மனசு, பயிற்சியின் மேல் இருக்கும் கட்டாயம், எல்லாம் சேர்ந்துதான் படி. எடை சரியாக இருந்தும் அபாயம் அதிகமான படியிலேயே நிற்பவர்கள் உண்டு.

அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். இந்தக் கட்டாயத்தைக் குறைக்கவென்றே உருவாக்கிய லீப் என்ற சிகிச்சை முறையை, சிபிடி என்ற பேச்சு சிகிச்சையோடு சேர்த்துச் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. சேர்த்தவர்கள், சேர்க்காதவர்கள், இருவருமே முன்னேறினார்கள். சேர்த்ததால் தனி லாபம் தெரியவில்லை. நான் செய்வதும் சிகிச்சையின் ஒரு ஓரம்தான். நடுவில் இருப்பது சாப்பாடு.

என் அறையில் நடப்பதைச் சொல்கிறேன், உங்கள் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். உள்ளே வந்ததும் நாடி பார்ப்பேன், படுத்து ஒரு முறை, நின்று ஒரு முறை. காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பேன். டயட்டீஷியன் எழுதியதில் விடுபட்டிருந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. திட்டு கிடையாது, "இன்றைக்கு இல்லை, நாளைக்குப் பார்க்கலாம்" அவ்வளவுதான். கையில் வாட்ச் இருந்தால் கழற்றி என் மேஜை டிராயருக்குள். அந்த அறையில் கண்ணாடி கிடையாது. ஆரம்பத்தில் பாயில் படுத்து மூச்சு, கழுத்து, தோள், கணுக்கால். பிறகு சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது. சில வாரம் கழித்து ரப்பர் பட்டை. மஞ்சள் நிறம் லேசானது, சிவப்பு அதைவிடக் கடினம். முதல் நாளே சிவப்பு கேட்பார்கள், தர மாட்டேன்.

டைமர் வைத்திருப்பேன். அது பத்து முறை செய்து முடிந்ததும் அடிக்காது, வேண்டுமென்றே நடுவில் அடிக்கும்படி வைப்பேன். ஏழாவதில் மணி அடித்தால் ஏழாவதில் நிறுத்த வேண்டும். "இன்னும் மூணுதானே அக்கா" என்பார்கள். கண் கலங்கும், கை நடுங்கும். அந்த மூன்றைச் செய்யாமல் உட்கார்ந்து, கடலை உருண்டையும் ஒரு டம்ளர் பாலும் முடித்து, அந்தப் பதற்றம் தானாக இறங்குகிறவரை என்னோடு பேசிக்கொண்டிருப்பதுதான் பயிற்சி. பட்டையை இழுத்தது அதற்கு ஒரு சாக்கு. எவ்வளவு செய்தாள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, செய்ய முடியாத நாளில் என்ன ஆனாள் என்றுதான் பார்ப்பேன்.

ஆரம்பத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம், அவள், நீங்கள், நான். எடை இறங்கினால் நிற்கும். ரகசியமாகச் செய்தது தெரிந்தால் பேசுவோம், தண்டனை இல்லை. கூட்டுவது குறைப்பதெல்லாம் குழு முடிவு செய்யும், அவளும் இல்லை அப்பாவும் இல்லை. ஓட்டம், வேக நடை போன்றவை கடைசியில்தான் வரும். சிலருக்கு வராமலே போகலாம்.

முகம் மலர்ந்ததைப் பார்த்துப் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பயப்படலாம். அதை மறைக்காமல் பிசியோவிடம் முதல் நாளே சொல்லுங்கள், எனக்கு அப்படிச் சொல்கிற அப்பாக்கள் பெரிய உதவி. "அவளுக்கு ரொம்ப ஆசை சார், சீக்கிரம் ஆரம்பியுங்க" என்பவர்களோடுதான் சிரமம்.

ஒஸ்லோவிலிருந்து

நான் யாழ்ப்பாணம், சின்ன வயதிலேயே நோர்வே வந்துவிட்டேன். அனோரெக்சியா இல்லை, எனக்கு இருந்தது புலிமியா, அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தியாலோ உடற்பயிற்சியாலோ அதைக் கழிக்கப் பார்க்கும் நோய். இந்த இழையைப் படிக்கிற புலிமியாக்காரர் யாரும், ஓகோ நமக்கும் முழுத் தடை என்று நினைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்களுடைய கதை கொஞ்சம் வேறு.

இங்கே ஒஸ்லோவில் விளையாட்டு விஞ்ஞானத்துக்கென்று ஒரு உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் யோருன் சுண்ட்கோட்-போர்கன் என்பவர் குழுவாக 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புலிமியா உள்ள, எடை சாதாரணமாக இருந்த பெண்களைப் பிரித்து, சிலருக்குச் சிபிடி, சிலருக்குச் சாப்பாட்டு ஆலோசனை, சிலருக்கு உடற்பயிற்சி. மெலிய வேண்டும் மெலிய வேண்டும் என்ற அந்த அந்தரத்தைக் குறைப்பதில் உடற்பயிற்சிக் குழு சிபிடியை முந்திவிட்டது. பிறகு அதே இடத்தில் உடற்பயிற்சியையும் உணவுச் சிகிச்சையையும் சேர்த்து, 16 கிழமைக்கு (வாரத்துக்கு), சிறு குழுக்களாக ஒரு திட்டம் நடத்தினார்கள். புலிமியாவுக்கும் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிடும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும் மட்டும்தான், அனோரெக்சியாவைச் சேர்க்கவில்லை. அது சிபிடிக்குச் சமமாக உதவியது. நான் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் எனக்குச் சிகிச்சை தந்தவர்கள் அந்த வழியைத்தான் பின்பற்றினார்கள்.

முக்கியமாகப் பாரம் தூக்குவது. அதற்கு முன் எனக்கு உடற்பயிற்சி என்றால் இரவு சாப்பிட்டதை "கழிப்பதற்கு" டிரெட்மில். அதில் கலோரி காட்டும் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓடுவேன். பயிற்சியாளர் முதல் வேலையாக என்னை டிரெட்மில் பக்கமே விடவில்லை. ஸ்குவாட் செய்ய பாரக் கம்பியை முதுகில் வைத்துக்கொண்டு கீழே போய் மேலே வரும்போது தலைக்குள் வேறு எதுவும் ஓடாது, ஓடினால் விழுந்துவிடுவாய். அப்புறம் சாப்பிடாமல் போனால் பாரம் ஏறாது. இது எனக்கு எந்தப் புத்தகம் சொன்னதைவிடவும் வேகமாக விளங்கியது. மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிட்ட கிழமையில் கூடுதலாகத் தூக்க முடிந்தது. சாப்பிட்டதற்குத் தண்டனையாக இருந்த இடத்தில் சாப்பிடுவதற்கே ஒரு காரணம் வந்துவிட்டது.

ஒரு கண்டிப்பான விதி இருந்தது: வாந்தி எடுத்த நாளில் ஜிம் இல்லை. வாந்தியால் பொட்டாசியம் இறங்கியிருக்கும், அதோடு பாரம் தூக்கினால் இதயத் துடிப்பு குழம்பலாம். எடை சாதாரணமாக இருப்பதால் எங்களைப் பார்த்து யாரும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப மாட்டார்கள். நீங்களாகக் கேளுங்கள்.

இந்தச் சனம் கல்யாண வீட்டில் கண்டவுடன் "மெலிஞ்சிட்டாய்", "கொஞ்சம் வச்சிட்டாய் போல" என்று கதைப்பதற்கு நோர்வேயிலும் சிகிச்சை கண்டுபிடிக்கவில்லை.

பி.டி. வாத்தியார், தேனி

பிசியோ அம்மா, கோபமெல்லாம் இல்லை. எலி விஷயம் தெரியாது. ஒரு சந்தேகம். மாவட்ட அளவில் ஓடும் பெண் பிள்ளைகள் சிலருக்கு மாதக் கணக்கில் பீரியட்ஸ் வராது. "நல்லா டிரெயினிங் எடுக்கிறாங்க, அதான்" என்று நாங்களும் விட்டுவிடுவோம், பிள்ளைகளும் தொல்லை விட்டது என்று சந்தோஷப்படுவார்கள். இதுவும் இதே வகையா?

பிசியோ அக்கா

எல்லாம் அனோரெக்சியா இல்லை சார். ஆனால் டிரெயினிங் எடுப்பதால் பீரியட்ஸ் நிற்பது இயல்பு என்பது தவறு. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போகவில்லை என்று உடம்பு காட்டும் சிவப்பு விளக்கு அது. வேண்டுமென்றே குறைத்தாலும் சரி, ஹாஸ்டல் சாப்பாடு போதாமல் இருந்தாலும் சரி, விளைவு ஒன்றுதான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் ஏற்படும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. ஆண் வீரர்களுக்கும் வரும் என்று அதில்தான் சேர்த்தார்கள். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் டாக்டரிடம் அனுப்புங்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் வலி என்றால் ஸ்ப்ரே அடித்து ஓட விடாதீர்கள். இன்னொன்று, டீம் முன்னால் எடை பார்த்துச் சத்தமாக வாசிக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் பேச்சைப் பிள்ளைகள் கேட்பார்கள், எங்கள் பேச்சைவிட.

உறையூர்க்காரர்

எல்லோருக்கும் நன்றி. மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அந்த "ஏழாவதில் நிறுத்துவது" வந்ததும் "இதை முதலிலேயே சொல்லக் கூடாதா" என்றாள். போகலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள், தானும் கூட வருவதாக நிபந்தனை.

எடை ஏறியதும் உட்கார ஆரம்பித்தாளா என்று கேட்டீர்கள். ஆமாம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. இப்போது சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாள், அவள் அம்மாவோடு சண்டை போட்டு ரிமோட்டை வாங்கி. டெக்ஸா எடுக்கவில்லை, கேட்கிறேன்.

என் நடை பற்றி யாரும் சொல்லவில்லை. அப்புறம், சித்தப்பா பையனோடு ஷட்டில் ஆடலாமா என்று தினம் கேட்கிறாள். வாரம் ஒரு முறைதானே அப்பா என்கிறாள். பாட்டி யோகா சொல்லித் தருகிறேன் என்கிறார்.

பிசியோ அக்கா

நடையை விடாதீர்கள் அண்ணா. உங்களுக்கு அது மருந்து. அவளுக்காக நீங்கள் விட்டால், அது அவள் தலையில் ஏறும் குற்ற உணர்ச்சி. ஆனால் சில மாற்றம் வேண்டும். மாடியில் வேண்டாம், தெருவிலோ மைதானத்திலோ நடங்கள். மாடி எட்டைக் கழுவிவிடுங்கள். எத்தனை அடி நடந்தேன் என்று வீட்டில் சொல்லாதீர்கள், போனில் வரும் பாராட்டுச் சத்தத்தை அணைத்து வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் பேச்சு. "நேற்று பிரியாணி ஒரு கை கூடிப்போச்சு, இன்றைக்கு இரண்டு ரவுண்டு சேர்த்து" என்று நம் ஊரில் எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். உங்கள் சர்க்கரைக்கு அது சாதாரணப் பேச்சு. அவள் காதில் விழும்போது, சாப்பாட்டை நடந்து கழிக்க வேண்டும் என்ற அவளுடைய நோயின் சட்டத்துக்கு நீங்கள் போடும் கையெழுத்து. டாக்டர் சொன்னார், நடக்கிறேன், அவ்வளவே போதும். சோற்றுக்கும் நடைக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

ஷட்டில் நல்ல யோசனைதான், ஆள் சேர்ந்து ஆடுவது, சிரிப்பது, தோற்பது. தனியாக நடப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் குதிப்பும் திருப்பமும் இருக்கிறது, எலும்பு ரிப்போர்ட் பார்க்காமல் நான் சரி சொல்ல மாட்டேன். உங்கள் பிசியோவும் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். அதுவரை கேரம் ஆடட்டும். நின்றுகொண்டு ஆட விடாதீர்கள்!

பாட்டி யோகாவுக்குப் பாதி சம்மதம். சியாட்டிலில் வளரிளம் பருவத்தினருக்கு வழக்கமான சிகிச்சையோடு எட்டு வாரம் யோகா சேர்த்துப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். சேர்த்தவர்களுக்கு அறிகுறிகள் இன்னும் குறைந்தன, வகுப்பு முடிந்த கையோடு சாப்பாட்டைப் பற்றிய நினைப்பும் குறைந்திருந்தது. ஆனால் அது தனித்தனியாக ஆள் பார்த்துச் சொல்லிக் கொடுத்த யோகா. யோகா என்ற பெயரில் 108 சூரிய நமஸ்காரம் போட்டுவிட்டு வந்த பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். பாட்டியோடு சேர்ந்து சவாசனமும் மூச்சும் செய்யலாம். மற்றது பிசியோ பார்த்த பிறகு. உண்மையில் சவாசனம்தான் இவர்களுக்கு ரொம்பக் கஷ்டம், அசையாமல் கிடக்க வேண்டுமே. முதல் முறை ஐந்து நிமிடம் படுத்தாலே பாட்டி பாராட்டலாம்.

மதுரை அம்மா

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு மகன், 17 வயது. ஜிம், புரோட்டீன் பவுடர், அரிசிச் சோறு தொடுவதே இல்லை. ஒரு நாள் ஜிம் மூடியிருந்தால் வீட்டில் தட்டு பறக்கிறது. பெண் பிள்ளைகளுக்குத்தான் இந்த நோய் வரும் என்று நினைத்திருந்தேன். இங்கே யாரிடம் காட்டுவது என்றே தெரியவில்லை.

பிசியோ அக்கா

வரும் அம்மா, பையன்களுக்கும் வரும். அவர்களுக்குப் பல சமயம் மெலிவதில் ஆசை இருக்காது, முறுக்கேறிய உடம்பில்தான் இருக்கும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. தட்டு பறப்பதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு அழையுங்கள், அரசு சேவை, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அருகில் எந்த மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்று சொல்வார்கள். போகும்போது அவன் சாப்பிடும் பவுடர் டப்பாக்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், ஊசி ஏதாவது போடுகிறானா என்றும் பாருங்கள். மற்றதைத் தனி இழையாகப் போடுங்கள், இங்கே உறையூர் அண்ணாவின் கேள்வியோடு கலந்துவிடும். நான் அங்கே வந்து எழுதுகிறேன்.